கைகள் செலுத்திய வண்டி



‘முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்டாற்போல’ என்று ஒரு பழமொழி நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எட்டாத பொருளை விரும்புகிறவனைப் பரிகசிக்க எழுந்த மொழி அது. ஊன்றி நோக்கினால் அதனுள் ஒரு கடுமை ஒளிந்திருப்பதைக் காணலாம். கால் வழங்காத ஒருவன் தேனை அடையமாட்டான் என்பதோடு அது நிற்கவில்லை; அவன் ஆசைப்படுவதே தகாது என்றும் சொல்லிவிடுகிறது. சிறுவயதில் நாம் கேட்ட குருடனும் முடவனும் கதையிலும், நடக்க இயலாதவன் பிறன் தோள்மேல் ஏறித்தான் ஊர் போய்ச் சேருகிறான். அச்சொற்களை விலக்கிவிட்டு இன்று மாற்றுத்திறனாளிகள் என்று மதிப்போடு வழங்குகிறோம். சொல் மாறியது நன்று. ஆயினும் அச்சொல் மாறுவதற்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே, பிறர் தோளை நாடாமல், தம் கைகளின் வலிமையைக் கொண்டே வீதியில் சென்ற ஒரு மனிதர் இருந்தார். அவருடைய வரலாற்றையும், அவர் தொடங்கி வைத்த வண்டி இன்று அடைந்திருக்கும் வடிவத்தையும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஜெர்மனி நாட்டில் நியூரம்பர்க் என்பது கைவினைஞர்களுக்குப் பெயர்பெற்ற பழைய நகரம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, உடலோடு எடுத்துச் செல்லத்தக்க சிறிய கடிகாரங்களைப் பீட்டர் ஹென்லைன் என்பவர் அங்கே செய்தார். அந்நகருக்கு அண்மையில் அல்ட்டார்ஃப் என்னும் சிற்றூர் இருக்கிறது. சிற்றூராயினும் அக்காலத்தில் அங்கே ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. தத்துவ ஞானியும் கணித மேதையுமாகிய லைப்னிட்ஸ் 1667-ஆம் ஆண்டில் அங்கேதான் தம் டாக்டர் பட்டத்தைப் பெற்றார். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அந்நாட்டை அலைக்கழித்த காலத்தில், 1633-ஆம் ஆண்டில், ஸ்டெஃபான் ஃபார்ஃப்ளர் பிறந்தார். கால்களால் நடக்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அவர் கற்ற தொழிலோ கடிகாரத் தொழில். இருந்த இடத்தில் இருந்துகொண்டே கண்ணையும் கையையும் கொண்டு செய்யும் தொழில் அது.

1655-ஆம் ஆண்டில், தமது இருபத்திரண்டாம் வயதில், அவர் தமக்கென ஒரு வண்டி செய்துகொண்டார். பின்னால் இரண்டு சக்கரங்கள், முன்னால் ஒன்று. நடுவே தாழ்வான இருக்கை. அமர்ந்திருப்பவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் சுழற்றுவதற்கான கைப்பிடிகள். அவற்றைச் சுழற்றினால், பற்சக்கரங்கள் அச்சுழற்சியை வாங்கி முன் சக்கரத்திற்குக் கொடுத்தன. நம் பாட்டிமார் இராட்டை சுற்றியதை நினைத்துக்கொள்ளுங்கள். கை சுற்றும் வட்டம் வேறொரு வட்டத்தைச் சுற்றச் செய்கிறதல்லவா? அவ்வளவுதான் அதன் தத்துவம். ஆனால் அந்த எளிய தத்துவத்தை ஒரு மனிதரின் முழுப் பாரத்தையும் தாங்கி ஓடும்படி அமைக்க, பல்லோடு பல் பிசகாமல் பொருந்தும் வேலைப்பாடு வேண்டும். அந்த வேலைப்பாட்டைக் கடிகாரக்காரர் அறிந்திருந்தார். ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தைக் கண்டறிந்தது இதற்கு அடுத்த ஆண்டாகிய 1656-இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், ஃபார்ஃப்ளர் எந்தக் கால எல்லையில் நின்று இதனைச் செய்தார் என்பது விளங்கும். மணற்கடிகாரத்தைக் குறித்த நேரத்தில் தானே திருப்பிவிடும் பொறி ஒன்றையும் அவர் செய்தார். 1689-இல் அல்ட்டார்ஃபிலேயே காலமானார்.

சக்கர நாற்காலி இதற்கு முன்னர் இல்லையோ என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஸ்பெயின் நாட்டு மன்னர் இரண்டாம் ஃபிலிப் கீல்வாத நோயால் வருந்தியபோது, 1595-ஆம் ஆண்டளவில் அவருக்கென ஒரு நாற்காலி செய்யப்பட்டது. சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை, கால் நீட்டப் பலகை, அடியில் சிறு சக்கரங்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது தானே நகராது. பணியாள் தள்ள வேண்டும். உலகப் பேரரசுகளுள் ஒன்றை ஆண்டவருக்கும் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குச் செல்ல இன்னொருவருடைய ஒப்புதல் வேண்டியிருந்தது! சிற்றூர்க் கடிகாரக்காரருக்கோ அது வேண்டியிருக்கவில்லை. இவ்விரண்டு வண்டிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு வெறும் பற்சக்கர வேறுபாடன்று. ஒன்றில் ஏறியவர் கொண்டு செல்லப்படுகிறார். மற்றொன்றில் ஏறியவர் செல்கிறார்.

இனி ஒரு வியப்பைக் கூறுகிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் டிரைஸ் என்பவர் இரு சக்கர வண்டியை ஓட்டிக் காட்டியது 1817-ஆம் ஆண்டில். அதிலும் காலால் தரையை உந்தித்தான் செல்ல வேண்டும். 1860-களில் பாரிஸ் நகரத்தார் முன் சக்கரத்தில் மிதிகட்டைகளைப் பொருத்தினார்கள். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் சங்கிலியால் பின் சக்கரம் சுழலும் வண்டியைச் செய்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயரை அளித்தார். இன்று நாம் மிதிவண்டி என்று அழைக்கும் பொருள் இவ்வாறுதான் உருவாயிற்று. அதன் பெயரிலேயே கால் இருக்கிறது. ஆனால் தன் உடல் வலிமையால், பற்சக்கரத்தின் துணைகொண்டு மனிதன் ஊர்ந்து சென்ற கதையில், டிரைஸின் வண்டிக்கு 162 ஆண்டுகள் முற்பட்டு நிற்பது கால் வழங்காதவருடைய வண்டி. நடக்க முடிந்தவர்கள் விரைவை விரும்பிச் செய்ததற்கு முன்பே, நடக்க முடியாதவர் தேவையால் செய்துவிட்டார்.

அப்படியானால் அவ்வண்டி ஏன் உடனே பரவவில்லை? காரணம் கடினமானதன்று. செல்வருக்குத் தள்ளுவதற்கு வேலையாட்கள் இருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாத் நகரில் புகழ்பெற்ற நோயாளர் நாற்காலியும் பிறர் இழுக்கவோ தள்ளவோ செய்யப்பட்டதுதான். ஏழைக்கோ பற்சக்கர வண்டி செய்விக்கப் பொருள் இல்லை. மேலும் அன்றைய சாலைகள் மேடும் பள்ளமுமானவை, மரச்சக்கரமோ கனமானது. காலுக்கென்று வளர்ந்த மிதிவண்டித் தொழில் சங்கிலியையும், குண்டுத் தாங்கிகளையும், காற்று டயரையும் மலிவாக்கிய பின்னரே கைவண்டிக்கும் நற்காலம் பிறந்தது. முதல் உலகப் போர் 1918-இல் முடிந்தபோது, கால் இழந்த இளைஞர் பல்லாயிரவர் ஐரோப்பிய நகரங்களுக்குத் திரும்பினர். கையால் சுழற்றியும் நெம்பியும் செலுத்தும் மூன்று சக்கர வண்டிகள் அந்நகரத் தெருக்களில் ஓடலாயின.

வண்டி வந்தது; ஆயினும் முதுகெலும்பு முறிந்தவர் நெடுநாள் உயிர்வாழ்வதே அரிதாக இருந்தது. அந்நிலையை மாற்றியவர்களுள் தலையாயவர் லூட்விக் குட்மன் என்னும் மருத்துவர். ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்து சேர்ந்த இவர், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பி உட்காரவைத்து விளையாடச் செய்தார். 1948 ஜூலை 29-ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கிய அதே நாளில், அம்மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். பாராலிம்பிக் பந்தயங்களின் வித்து அதுவே. 1960-இல் ரோம் நகரில் அது உலகப் பந்தயமாகவே மலர்ந்தது.

கைவண்டி சாய்ந்து படுக்கும் வடிவத்தை எய்தியதற்கு வேறொரு கிளைக்கதை உண்டு. பிரான்ஸ் நாட்டில் சார்ல் மொஷே என்பவர் சாய்ந்தமர்ந்து காலால் மிதிக்கும் வண்டிகளைச் செய்தார். 1933 ஜூலை மாதத்தில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் அதில் ஏறி ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த பழைய சாதனையை முறியடித்தார். என்ன நிகழ்ந்தது? மறு ஆண்டே சர்வதேச மிதிவண்டிச் சங்கம் அத்தகைய வண்டிகளைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. நிமிர்ந்து அமர்வதே முறை என்று விதித்தது. ஆனால் உண்மையை விதியால் மறைக்க இயலுமோ? தாழ்ந்து சாய்ந்தால் எதிர்க்காற்று குறைவாகத் தாக்கும். வண்டி எளிதில் கவிழாது. இவ்விரு நன்மைகளும் வேறெவரையும்விடக் கால் வலிமையற்றவர்க்கே மிகுதியும் உதவுவன.

இன்றைய சாய்வு வண்டியைச் சொற்களால் வரைந்து காட்டுகிறேன். தரையிலிருந்து சிறிதளவே உயர்ந்த இருக்கை. அதில் ஓட்டுபவர் மல்லாந்தாற்போல் சாய்ந்திருப்பார். கால்கள் முன்னே நீட்டித் தாங்கிகளில் கட்டப்பட்டிருக்கும். கைப்பிடிகள் மார்புக்கு நேரே இருக்கும். மிதிவண்டியில் ஒரு கால் மேலிருக்க மறுகால் கீழிருக்கும். இதிலோ இரு கைகளும் ஒருசேர மேலேறி ஒருசேர இறங்கும். ஏனெனில் சுழற்றும் உறுப்பும் திருப்பும் உறுப்பும் ஒன்றே; கைகள் மாறிமாறித் தள்ளினால் வண்டி பாம்புபோல் நெளியும். சக்கர நாற்காலியின் வளையத்தைத் தள்ளுபவர் பற்றித் தள்ளி, விட்டு, மீண்டும் வெறுங்கையைப் பின்னே கொண்டுவர வேண்டும். தோள் மூட்டு விரைவில் தேயும். சுழற்சியில் அந்த வீண் இயக்கம் இல்லை. விரல்களில் பிடிப்பற்றவர்கள் கையுறையால் கையைக் கைப்பிடியோடு பிணைத்துக்கொள்கிறார்கள். குறைகளும் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் பாரம் பின்னே சாய்வதால் முன் சக்கரம் வழுக்கும். லாரி ஓட்டுபவர் கண்ணுக்கு வண்டி தெரியாது. ஆதலால் நீண்ட கழியில் கொடி கட்டிச் செல்கிறார்கள். பந்தய வண்டியின் விலையோ சாமானியர்க்கு எட்டாதது.

2004-இல் ஏதென்ஸ் பாராலிம்பிக் பந்தயத்தில் கைவண்டி ஓட்டம் பதக்கப் போட்டியாகச் சேர்ந்தது. இத்தாலி நாட்டு மோட்டார் பந்தய வீரர் அலெக்ஸ் ஜனார்டி 2001-இல் ஜெர்மனியில் நேர்ந்த விபத்தில் இரு கால்களையும் இழந்தார். அவர் 2012-இல் லண்டன் பாராலிம்பிக்கில், பிராண்ட்ஸ் ஹாட்ச் மோட்டார் பந்தயப் பாதையிலேயே, கைவண்டி ஓட்டி இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். எஞ்சின் கொடுத்த விரைவை இழந்தவர், தோள்கள் கொடுத்த விரைவால் மீண்டார்.

நம் நாட்டில் இவ்வண்டி பந்தயத்திற்காக வரவில்லை, பிழைப்பிற்காக வந்தது. கான்பூரில் 1972-இல் மத்திய அரசு நிறுவிய செயற்கை உறுப்பு உற்பத்திக் கழகம், கையால் சுழற்றும் மூன்று சக்கர சைக்கிள்களைச் செய்து நாடெங்கும் அனுப்பி வருகிறது. நிமிர்ந்து அமரும் எளிய வண்டி அது. இளம்பிள்ளை வாதம் ஊர்தோறும் குழந்தைகளின் காலைச் சூறையாடிய நாட்களில், அது எத்தனை வீடுகளின் வாயிலைத் திறந்துவிட்டது என்பதை ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நான் அறிவேன்.

1990-களில் நான் தலைமையாசிரியனாக இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் அத்தகைய மாணவன் ஒருவன் பயின்றான். மூட்டை சுமக்கும் தந்தை அவனையும் சுமந்து வந்து வகுப்பில் விட்டுச் செல்வார். தந்தைக்கு வெளியூரில் வேலை கிடைத்த நாட்களில் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வருகைக் குறி இராது. மூன்று சக்கர சைக்கிள் கிடைத்த பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் வராத நாட்கள் மூன்றோ நான்கோதான். வாசலில் இருந்த மூன்று படிகள் மட்டும் அவனைத் தடுத்தன. ஒரு கொத்தனார் ஒரே நாளில் அவற்றின் பக்கத்தில் சரிவுப் பாதை அமைத்துவிட்டார். சில மாதங்கள் கழித்து அவன் தாய் என்னிடம் வந்து, “பள்ளிக்கூடம் விட்டும் பிள்ளை வீடு வந்து சேரமாட்டேன் என்கிறான், ஐயா! ஏரிக்கரையைச் சுற்றிவிட்டு இருட்டின பிறகு வருகிறான்” என்று முறையிட்டார். அந்த முறையீட்டில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கவில்லை. பள்ளிக்குச் செல்வது கடமை. ஏரிக்கரைக்குச் செல்வது ஆசை. ஆசைப்பட்ட இடத்திற்குச் சென்று வரும் உரிமையைத்தான் அந்த இரும்பு வண்டி அவனுக்குக் கொடுத்திருந்தது.

2011-க்குப் பின் இந்தியாவில் எந்தக் குழந்தையையும் இயற்கையான இளம்பிள்ளை வாதக் கிருமி தாக்கவில்லை. 2014-இல் நம் நாடு அந்நோயற்ற நாடென்று சான்று பெற்றது. இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. ஆனால் சாலை விபத்துகளும் நீரிழிவு நோயும் கால்களைப் பறித்துக்கொண்டுதான் இருக்கின்றன. வண்டியின் தேவை தீரவில்லை. 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடங்கள் யாவரும் நுழையத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்கிறது. சட்டம் சொல்வதைச் சிமெண்டும் செங்கல்லும் சொல்லும் நாள் எல்லா ஊர்களுக்கும் வர வேண்டும்.

பற்சக்கரம் செய்யும் வேலையை ஓர் இளைஞர் 1655-லேயே செய்து முடித்துவிட்டார். எஞ்சியிருப்பது நம்முடைய வேலை. நூலகத்தின் படி, வங்கியின் வாசல், பேருந்து நிலையத்தின் விளிம்பு, தெருவில் மூடாமல் விட்ட பள்ளம் ஆகிய இவற்றைச் சீர்செய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கைகளால் வண்டியைச் செலுத்துபவர் நம்மிடம் தோளைக் கேட்கவில்லை, வழியைத்தான் கேட்கிறார்.