நெம்புகோல் துப்பாக்கித் தண்டு
நெம்புகோல் துப்பாக்கித் தண்டு என்பது நெம்புகோலால் இயங்கும் துப்பாக்கியைத் தோளில் அணைத்துச் சுட உதவும் மரப்பகுதி ஆகும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 போன்றவற்றில் இது முன்கைப்பிடியுடன் சேராத தனித்துண்டாக இருக்கும். அமெரிக்காவில் இதற்குப் பெரும்பாலும் கருப்பு வால்நட் மரம் பயன்படுத்தப்படுகிறது.

செதுக்கும் முறை

விசையிலிருந்து தண்டின் பின்முனை வரையிலான நீளம் சுடுபவரின் உடலமைப்புக்கு ஏற்ப, பொதுவாக 13 முதல் 14 அங்குலம் வரை அமைக்கப்படும். மெல்லிய கழுத்துப்பகுதியில் மர இழைகள் நீளவாக்கில் ஓட வேண்டும். உலோகப் பாகத்தில் விளக்குக்கரி பூசி மரத்தில் அழுத்தினால், உயர்ந்துள்ள இடங்களில் மட்டும் கரி படியும். அவ்விடங்கள் சிறிது சிறிதாகச் சீவப்படும். பின்னுதைப்பைத் தாங்கும் பரப்புகள் சீராகப் பொருந்தாவிடின், நாளடைவில் கழுத்துப்பகுதி பிளவுபடக்கூடும். இறுதியில் ஆளிவிதை எண்ணெய் பல முறை தேய்த்து உலர்த்தப்படும்.