வழுநீக்கியில் சொந்தக் கட்டளைகள்

டிபக்கர் எனப்படும் வழுநீக்கி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தி அதன் உள்ளே பார்க்க உதவும் கருவி. நிறுத்தப்புள்ளி வைப்பது, வரிவரியாக நகர்வது, மாறியின் மதிப்பை அச்சிடுவது போன்ற கட்டளைகள் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக அதில் உண்டு. ஆனால் ஒவ்வொரு நிரலுக்கும் தனக்கே உரிய கேள்விகள் இருக்கின்றன. தரவுத்தளத்தை எழுதுபவர் எந்தப் பூட்டுக்காக எந்தப் பரிமாற்றம் காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இயக்கமுறைமை எழுதுபவர் எல்லாப் பணிகளின் பட்டியலையும் பார்க்க வேண்டும். வழுநீக்கியை உருவாக்கியவருக்கு இந்தக் கேள்விகள் தெரிந்திருக்க வழியில்லை. நிரலை அறிந்தவரே அவற்றைக் கட்டளைகளாக எழுதி வழுநீக்கியில் சேர்ப்பதே சொந்தக் கட்டளை எழுதுதல். இன்று இது பெரும்பாலும் பைத்தானில் நடக்கிறது. குனு திட்டத்தின் ஜிடிபி இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு.

தொடக்க காலம்

1961-இல் எம்ஐடிக்கு வந்த பிடிபி-1 கணினியில் டிடிடி என்ற வழுநீக்கி புகழ்பெற்றது. அதன் கட்டளைகள் ஓரிரு எழுத்துகளே. தட்டியதும் விடை வரும். 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீவ் போர்ன் எழுதிய ஏடிபி இருந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்வதற்குப் பதில் ஒரு கோப்பிலிருந்து படிக்கவும் அதற்குத் தெரியும். இயக்கமுறைமையின் கருவான கர்னலின் தரவுக் கட்டமைப்புகளை அச்சிடும் சிறு கோப்புகளைப் பொறியாளர்கள் எழுதிச் சேர்த்துவைத்தார்கள். சொந்தக் கட்டளை என்ற எண்ணத்தின் முளை இதுதான்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் ஜிடிபியை எழுதினார். அதில் ‘டிஃபைன்’ என்ற கட்டளை கிடைத்தது. ஒரு பெயரைக் கொடுத்து, அதன் கீழ் வரிசையாகக் கட்டளைகளை எழுதினால் அந்தப் பெயர் புதிய கட்டளையாகிவிடும். ‘டாக்குமென்ட்’ என்பதன் கீழ் அதற்கு உதவிக்குறிப்பும் எழுதலாம். நிபந்தனையும் சுழற்சியும் உண்டு. ஈமாக்ஸ் என்ற நிரல்திருத்தியின் மூலநிரலோடு வரும் ஜிடிபி தொடக்கக் கோப்பில் லிஸ்ப் மதிப்புகளைப் படிக்கும்படி அச்சிடும் இத்தகைய கட்டளைகள் நிறைய உள்ளன.

‘டிஃபைன்’ தடுமாறிய இடம்

இணைப்புப் பட்டியல் ஒன்றை நடந்து பார்க்கும் கட்டளையை ‘டிஃபைன்’ கொண்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தலை முனையின் முகவரியை ஒரு மாறியில் வைத்து, அது சுழியாகும்வரை அச்சிட்டு, அடுத்த முனைக்கு நகர வேண்டும். நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். பட்டியல் ஒழுங்காக இருந்தால் சரியாக ஓடும்.

வழுநீக்கியைத் திறப்பதே பெரும்பாலும் ஏதோ ஒன்று ஒழுங்காக இல்லாதபோதுதான். கடைசி முனை மீண்டும் நடுவில் ஒரு முனையைச் சுட்டினால் கட்டளை முடிவின்றிச் சுற்றும். பார்த்த முகவரிகளைக் குறித்துவைக்க அந்த மொழியில் பட்டியலோ அகராதியோ கிடையாது. ஒரு சுட்டு குப்பை முகவரியைக் காட்டினால் பிழை எழுந்து கட்டளை அந்த இடத்திலேயே அறுந்துவிடும்; பிழையைப் பிடித்துத் தொடர வழியில்லை. டாலர் குறியோடு வரும் மாறிகள் எல்லாமே பொது மாறிகள். ஒரே பெயரைப் பயன்படுத்தும் இரண்டு கட்டளைகளில் ஒன்று மற்றதன் மதிப்பை அழித்துவிடும். முழுமையான மொழி ஒன்று தேவை என்று அனுபவசாலிகளைச் சொல்லவைத்தவை இந்தக் குறைகள்தான்.

மொழியையே அடித்தளமாக்கிய முயற்சிகள்

1990-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இதை நேராக எதிர்கொண்டார்கள். நார்மன் ராம்சேயும் டேவிட் ஹான்சனும் 1992-இல் விவரித்த எல்டிபி, அச்சுத் துறையில் அறியப்பட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை வழுநீக்கிக்குள் கொண்டுவந்தது. 1993-இல் மைக்கேல் கோலனும் ஹான்சனும் டூயல் என்ற உயர்நிலைக் கேள்விமொழியை முன்வைத்தார்கள். பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயக்கமுறைமைக்காக ஃபில் வின்டர்பாட்டம் ஆசிட் என்ற வழுநீக்கியை உருவாக்கி 1994-இல் விவரித்தார். ஆசிட்டில் வழுநீக்கியே ஒரு நிரல்மொழி. அடுக்கைக் காட்டும் வேலைகூட அந்த மொழியில் எழுதப்பட்ட செயற்கூறுதான்.

2000-இல் வந்த சொலாரிஸ் 8 இயக்கமுறைமையின் வழுநீக்கியான எம்டிபி வேறு வழியில் சென்றது. தரவுக் கட்டமைப்புகளை நடந்து செல்லும் ‘வாக்கர்’களையும் புதிய கட்டளைகளையும் சி மொழியில் எழுதி, ஏற்றக்கூடிய தொகுதிகளாகச் சேர்க்க அது இடம் தந்தது. ஆற்றல் மிகுந்த முறைதான். ஆயினும் ஒரு வரியைத் திருத்தினாலும் மீண்டும் தொகுக்க வேண்டும்.

ஜிடிபிக்குள் பைத்தான்

ரெட் ஹாட்டின் டாம் ட்ரோமி, ஐபிஎம்மின் தியாகோ யுங் பவர்மன் முதலியோரின் உழைப்பால் பைத்தான் ஜிடிபிக்குள் நுழைந்தது. 2009 அக்டோபரில் வெளிவந்த ஜிடிபி 7.0-இல் புதிய கட்டளைகளைப் பைத்தானில் எழுதும் வசதி இடம்பெற்றது. கயில் மொழிக்கான ஆதரவு 2014-இல் 7.8 பதிப்பில் சேர்ந்தது.

பைத்தானில் ஒரு கட்டளை எழுதும் முறை எளிது. ஜிடிபி தரும் ‘கமாண்ட்’ என்ற வகுப்பிலிருந்து புதிய வகுப்பு ஒன்றை வருவிக்க வேண்டும். அதன் தொடக்கச் செயற்கூறு கட்டளையின் பெயரையும் வகையையும் பதிவு செய்யும். பயனர் அந்தப் பெயரைத் தட்டினால் ‘இன்வோக்’ என்ற செயற்கூறு அழைக்கப்படும். தட்டிய மீதிச் சொற்கள் ஒரே சரமாக அதற்கு வந்து சேரும். வகுப்பின் விளக்கச் சரமே ‘ஹெல்ப்’ கேட்டால் காட்டப்படும் உரை. விரும்பினால் ‘கம்ப்ளீட்’ செயற்கூறு எழுதி, டேப் விசைக்கு ஏற்ற சொற்களையும் தரலாம்.

மேலே சொன்ன பட்டியலை இப்போது நடந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். பார்த்த முகவரிகள் ‘செட்’ எனப்படும் கணம் ஒன்றில் சேரும். ஒரு முகவரி இரண்டாம் முறை வந்ததும் ‘இங்கே வளையம்’ என்று கட்டளை சொல்லி நிற்கும். குப்பை முகவரியைத் தொட்டால் எழும் நினைவகப் பிழையைப் பிடித்து, எத்தனையாவது முனையில் பட்டியல் கெட்டது என்று காட்டும். முன்பு கட்டளையை முறித்த அதே கோளாறு இப்போது அதன் விடையாகிவிடுகிறது.

பரவல்

2010-இல் பைத்தான் 2.7-உடன் வந்த ஜிடிபி நிரலை டேவிட் மால்கம் எழுதினார். சிக்கிக்கொண்ட பைத்தான் செயல்முறையைச் சாதாரணமாகப் பார்த்தால் மொழிபெயர்ப்பியின் சி செயற்கூறுகளே அடுக்கடுக்காகத் தெரியும். ‘பிஒய்-பிடி’ என்ற கட்டளையோ பயனர் எழுதிய பைத்தான் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் காட்டும்.

ஆப்பிள் 2010-இல் திறந்த எல்எல்டிபியும் பைத்தானைத் தாங்கியே வந்தது. அங்கே சாதாரணச் செயற்கூறு ஒன்றையே கட்டளையாகப் பதிவு செய்யலாம். ஃபேஸ்புக் 2014-இல் வெளியிட்ட சிசெல் இதன்மீது எழுந்த கட்டளைத் தொகுப்பு. நிறுத்திவைத்த ஐஃபோன் செயலியின் திரைக் கூறுகளை மரமாக அச்சிடுவதும், சந்தேகத்துக்குரிய கூறைச் சுற்றிக் கோடு வரைந்து காட்டுவதும் அதில் ஒற்றைச் சொல் கட்டளைகள். பாதுகாப்பு ஆய்வாளர்களுக்காக ஜிடிபிமீது எழுந்த பீடா என்ற கட்டளைத் தொகுப்பு 2012-இல் வந்தது.

லினக்ஸ் கர்னலுக்கு யான் கிஸ்கா எழுதிய கட்டளைகள் 2015-இன் 4.0 பதிப்பில் இணைந்தன. உறைந்துபோன கர்னலில், அதன் பதிவுச் செய்திகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ கட்டளையை ஓட்ட முடியாது. ஓட்டவேண்டிய கர்னலே நிற்கிறது. ‘எல்எக்ஸ்-டிமெசேஜ்’ கட்டளை வெளியிலிருந்து நினைவகத்தைப் படித்து, பதிவு இடையகத்தின் செய்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறது. 5.10 பதிப்பில் அந்த இடையகத்தின் வடிவமே மாறியபோது கட்டளையும் மாற்றி எழுதப்பட்டது. கட்டளை கர்னலின் மூலநிரலோடு ஒரே மரத்தில் இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. சொந்தக் கட்டளைக்குச் சரியான வீடு அது விளக்கும் நிரலின் பக்கத்திலேதான். தனியே விட்டால் அது சீக்கிரமே பொய் சொல்லத் தொடங்கும்.

பாதுகாப்பு

நிரலோடு சேர்த்துவைத்த பைத்தான் கோப்பை ஜிடிபி தானாகவே ஏற்றும். இந்த வசதியில் ஆபத்தும் இருக்கிறது: முன்பின் தெரியாத ஒரு நிரலை ஆராயத் திறப்பதே அதன் ஸ்கிரிப்டை ஓட்டுவதாக முடியலாம். எனவே 2012-இல் வந்த 7.5 பதிப்பு, பயனர் நம்பும் அடைவுகளிலிருந்து மட்டுமே ஏற்றும் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது.

இன்றைய நிலை

பைத்தான் 2-ஐ ஆதரித்த கடைசிப் பதிப்பு 2022-இன் ஜிடிபி 12. 2023-இல் வந்த ஜிடிபி 14, நிரல்திருத்திகள் வழுநீக்கியோடு பேசப் பயன்படும் டிஏபி நெறிமுறையைப் பெற்றது. அந்தப் பகுதியை உருவாக்குநர்கள் பைத்தானிலேயே எழுதினார்கள். வெளியாட்களுக்கென்று 2009-இல் திறந்த கதவின் வழியாகவே இப்போது வழுநீக்கியை எழுதுபவர்களும் வேலை செய்கிறார்கள்.