பாமினியில் கிடந்த ஊர்கள்

ஒரு இணையத்தளம் போனில் வடிவாகத் தெரிய என்ன செய்யவேணும் என்று இப்ப யாரிடம் கேட்டாலும் திரையின் அகலத்தைப் பற்றித்தான் சொல்லுவினம். எங்கட பக்கத்தில் பிரச்சினை அகலத்தில் தொடங்கவில்லை. எழுத்தில் தொடங்கியது.

2002 போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்து, செல்போனும் நெற்கபேயும் யாழ்ப்பாணத்தில் பரவத் தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். புலம்பெயர்ந்த எங்கட ஆக்கள் ஊர்ப்பெயரில் தளங்கள் நடத்தினார்கள். பெரும்பாலும் ஒரு தனியாளின் வேலை. கோயில் திருவிழாப் படங்கள், பள்ளிக்கூடத்தின் பழைய குழுப்படம், மரண அறிவித்தல், ஊர்க்கதை எல்லாம் அங்கே இருக்கும். வலிகாமம் வடக்குக்காரருக்கு இது வெறும் பொழுதுபோக்கில்லை. 1990 இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். நடுவில் 27 வருசம். அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகளுக்கு ஊர் என்றால் பெரியாக்கள் சொன்ன கதையும் படங்களும்தான்.

அந்தக் காலத்துத் தளங்களில் கனக்க பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டவை. பாமினி ஒரு வேசம் மாதிரி. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம். 'தமிழ்' என்ற சொல் உள்ளுக்குள் ஜே, கே, பீ, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும். கணினியில் எழுத்துருவை இறக்கிப் பதிந்தால் வாசிக்கலாம். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் அது தானாக இறங்கும்படியும் செய்துவைத்தார்கள். அக்காலப் போனில் இரண்டுக்கும் வழியில்லை. ஊர்க்கதை ஆங்கிலக் குப்பையாக வந்து விழுந்தது.

சரி, யூனிகோட்டுக்கு மாறினால் தீர்ந்ததா? தமிழ் 1991 இலேயே யூனிகோட்டில் இடம்பிடித்துவிட்டது. ஆனால் கனக்கப் போன்களில் தமிழ் எழுத்துருவே இருக்கவில்லை, பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். எழுத்துரு இருந்தாலும் கொம்பு இடம்மாறி நிற்கும். யூனிகோட்டில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னுக்குக் கொண்டுவந்து காட்டுவது போனின் வேலை, அது அந்த வேலையைச் செய்யவில்லை.

இதுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. ஒபேரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் 'ஒபேரா', முக்காற்புள்ளி, 'கொன்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, வரும் பக்கத்தின் அடியில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தெரிவுக்கு 'யெஸ்' கொடுக்கவேணும். ஒபேராவின் சேர்வர் தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். டேட்டா கூடத்தான் போகும், ஆனால் வாசிக்கலாம். அன்ட்ரொயிட் 4 வரிசை வந்தபிறகுதான் இந்த வித்தை மெல்லத் தேவையில்லாமல் போனது.

அகலப் பிரச்சினை அதுக்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. 2007 இல் வந்த ஐபோன், பக்கத்தை 980 பிக்சல் அகலமாகக் கருதிச் சுருக்கிக் காட்டியது. 2010 இல் ஈதன் மார்கொட், திரைக்கேற்ப மடங்கும் வடிவமைப்பு பற்றி எழுதினார். ஊர்த்தளங்களோ அட்டவணைக்குள் மூன்று பத்தி கட்டி, அதை 800 பிக்சலில் பூட்டி வைத்திருந்தவை. தமிழுக்கென்று தனிக் கரைச்சலும் உண்டு. 'பல்கலைக்கழகத்திலிருந்து' போன்ற நீளச்சொல் சின்னத் திரையில் வரியைத் தாண்டும். இரண்டு பக்கமும் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையில் ஒழுங்கையே போடலாம்.

2015 ஏப்ரல் 21 முதல் கூகுள், போனில் தேடுபவர்களுக்குப் போனுக்கேற்ற பக்கங்களை முன்னுக்குக் காட்டத் தொடங்கியது. அதுக்குள்ளேயே பலர் தளத்தைக் கைவிட்டுவிட்டு பேஸ்புக்குக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல மனம் வராது, அங்கே போனில் எல்லாம் தெரியும். ஆனால் ஐந்து வருசத்துக்கு முந்திய ஒரு படத்தை அங்கே தேடிப் பாருங்கள், விளங்கும்.

எங்கட கணிப்பில் அகலம் ஒரு பின்னேரத்து வேலை. எழுத்துத்தான் உயிர்நிலை. பாமினியில் கிடக்கும் பக்கத்தில் 'மயிலிட்டி' நூறுதரம் இருந்தாலும், அந்தச் சொல்லைத் தேடுபவருக்கு அது அகப்படாது. ஆகவே உங்கட ஊர்த்தளம் எங்கேயாவது உயிரோடிருந்தால், நடத்தும் அண்ணையிடமோ அக்காவிடமோ முழுக் கோப்புகளையும் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். சுரதா யாழ்வாணனின் 'பொங்குதமிழ்' மாற்றியில் பக்கம் பக்கமாகப் போட்டு யூனிகோட்டாக்கலாம். படமாக ஏற்றப்பட்ட அறிவித்தல்களை மட்டும் இருந்து தட்டச்சு செய்யத்தான் வேணும். அவற்றில்தான் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன.