கம்பெடுத்த கை எழுதுகோலையும் எடுக்கட்டும்



சிலம்பம், களரி, கராத்தே, சீலாட் என எந்தத் தற்காப்புக் கலையைப் பயின்றாலும், பயிற்சி முடிந்தபின் நான்கு வரி எழுதிவைக்கும் வழக்கம் நம் மாணவரிடையே அரிதாகவே உள்ளது. 'கையும் காலும் பழகினால் போதாதா, ஏடு எதற்கு?' என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. பெற்றோரும் ஏறத்தாழ அவ்வாறே எண்ணுகின்றனர். காஹாங்கில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இக்கேள்வி பழகிய ஒன்று. அதற்கு வரலாறு என்ன விடை தருகிறது என்பதை இங்கே தொகுத்துரைக்க விழைகிறேன்.

சுவடும் சுவடியும்

நம் முன்னோரின் தற்காப்புக் கலைகள் ஆசானின் உடலிலிருந்து மாணவனின் உடலுக்கு நேரே சென்றவை. களரியில் ஆசான் வாய்த்தாரி சொல்லச் சொல்ல, மாணவர் அதற்கேற்ப அசைவர். சிலம்பத்தில் முதலில் காலடி, பின்னர் வீச்சு, அதன்பின் எதிராளியோடு மோதல் எனப் பாடம் படிப்படியாக வளரும். குமரி மாவட்டத்து அடிமுறையில் கால்வைப்பு முறைகளைச் 'சுவடு' என்றே அழைப்பர். மண்ணில் பதிவது சுவடு. ஓலையில் பதிவது சுவடி. இவ்விரண்டையும் நம்மவர் அறிந்தே இருந்தனர்.

வர்மக் கலையைப் பற்றிய ஏட்டுச்சுவடிகள் ஆசான்மார் குடும்பங்களில் வழிவழியாகக் காக்கப்பட்டன. வர்மப் புள்ளிகளின் பெயர், இருப்பிடம், அடிபட்டால் விளையும் கேடு, இளக்குமுறை, மருந்து ஆகியவற்றை அவை கூறும். நம்பிக்கைக்குரிய சீடனுக்கு மட்டுமே அவை கைமாறும். ஆனால் அச்சுவடிகள் கலையைப் பற்றியவை. கற்றவனைப் பற்றியவை அல்ல. ஒரு மாணவன் எந்த அடியில் தடுமாறினான், எத்தனை திங்களில் அதை வென்றான், அடிபட்ட அன்று அவன் மனம் என்ன பாடுபட்டது என்பவற்றை எழுதிவைப்பது மரபாக வளரவில்லை. கலை ஓரளவு ஏடேறியது, பயிற்சி ஏடேறவில்லை.

நாட்குறிப்பு நமக்குப் புதிதன்று

எனில், தமிழருக்கு நாட்குறிப்பு எழுதத் தெரியாதா என்றால், அதுவும் இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் தாம் மறைந்த 1761 வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வருகை, சரக்கு விலை, போர்ச் செய்தி, அரண்மனைப் பேச்சு என அன்றன்று கண்டதையும் கேட்டதையும் அக்காலப் பேச்சுத் தமிழிலேயே பதிந்தார். அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846இல் அக்குறிப்புகள் வெளியுலகின் பார்வைக்கு வந்தன. பின்னர் 1904க்கும் 1928க்கும் இடையில் ஆங்கில மொழிபெயர்ப்பாகப் பன்னிரண்டு தொகுதிகள் அச்சேறின. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் எந்த வரலாற்றறிஞரும் இன்று அவற்றைத் தவிர்க்க இயலாது.

பிள்ளையவர்கள் வாளேந்திய வீரர் அல்லர், வணிகர். நம்மிடம் கம்பு சுழற்றும் மரபும் இருந்தது, நாள்தோறும் எழுதும் மரபும் இருந்தது. இரண்டும் ஒரே கையில் சேரவில்லை என்பதுதான் நம் குறை.

பிறநாட்டார் சேர்த்த விதம்

அவ்விரண்டையும் ஒரே கையில் சேர்த்தவர்கள் பிறநாடுகளில் உண்டு. உரோமப் பேரரசர் மார்க்கசு அவுரேலியசு (ஆட்சி 161–180) இளமையில் மற்போரும் குத்துச்சண்டையும் பழகியவர். தன்யூபு ஆற்றங்கரைப் போர்முகாம்களில் இருந்தபடியே தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோலக் கிரேக்க மொழியில் குறிப்புகள் எழுதினார். வாழும் கலை நடனத்தைவிட மற்போரையே ஒத்தது என்பது அவர் கருத்து. எதிர்பாராமல் வரும் தாக்குதலுக்கு ஆயத்தமாக நிற்க வேண்டுமாம். பிறர் படிக்கவென்று அவர் எழுதியதாகத் தெரியவில்லை. சினம், சோம்பல், புகழாசை ஆகியவற்றோடு தாம் நடத்திய போரையே அவர் பதிந்தார்.

சப்பானிய வாள்வீரர் மியாமோத்தோ முசாசி, பதின்மூன்று வயது முதல் அறுபதுக்கு மேற்பட்ட மோதல்களில் தாம் தோற்றதே இல்லை என்று கூறியவர். முப்பது வயதைக் கடந்தபின் அவர் திரும்பிப் பார்த்தார். தம் வெற்றிக்குக் காரணம் கலைத்தேர்ச்சியா, இயல்பான திறமையா, எதிராளியின் குறைபாடா என்று தம்மையே வினவிக்கொண்டார். அந்த ஐயமே அவரை மேலும் பயில வைத்தது. 1643இல் குமாமோத்தோவுக்கு அருகிலுள்ள குகையொன்றில் அமர்ந்து எழுதத் தொடங்கிய 'ஐந்து வளையங்களின் நூல்', அவர் மறைந்த 1645இல் நிறைவுற்றது. மறைவதற்குச் சில நாட்களுக்கு முன் தமக்கென இருபத்தொரு நெறிகளையும் எழுதிவைத்தார். தோல்வியே காணாத ஒருவர் தம் வெற்றியை ஐயுற்றதை நம் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகள் நன்கறிந்த புரூசு லீயையும் காண்போம். 1964இல் ஓக்லாந்து நகரில் அவருக்கும் வோங் சாக் மேனுக்கும் மோதல் ஒன்று நடந்தது. வென்றவர் யார் என்பதில் இருதரப்பும் முரண்படுகின்றன. மோதல் நெடுநேரம் நீடித்ததையும் தமக்கு மூச்சு வாங்கியதையும் எண்ணி லீ மனநிறைவின்றி இருந்தார் என்றும், அதன்பிறகே தம் பயிற்சி முறையை மறுஆய்வு செய்தார் என்றும் அவர் துணைவியார் லிண்டா கூறியுள்ளார். அன்றன்றைய பயிற்சியை, இத்தனை குத்து, இத்தனை உதை என எண்ணிக்கையோடு நாளேட்டில் குறித்துவைப்பது லீயின் வழக்கம். 1970இல் முதுகில் கடுங்காயம் பட்டுப் பல திங்கள் படுக்கையில் கிடந்தபோது அவர் எழுதிக் குவித்தார். அவர் 1973இல் மறைந்தார். அக்குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட நூல் 1975இல் வெளிவந்தது. உடல் அசைய இயலாத காலத்திலும் அவர் பயிற்சி நிற்கவில்லை. அது ஏட்டில் தொடர்ந்தது.

தோட்டத்தோடு போனவை

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த நம் மக்கள் துணிமூட்டையோடு சிலம்பத்தையும் கொண்டுவந்தனர். பகலெல்லாம் பால்மரம் சீவிய கைகள் மாலையில் லயத்துத் திடலில் கம்பெடுத்தன. கோயில் திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னே சிலம்பம் ஆடியது. கற்பித்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, சான்றிதழும் இல்லை. வாத்தியார் என்ற பெயர் ஒன்றே அவர்கள் பெற்ற பட்டம்.

பின்னர் தோட்டத் துண்டாடல் வந்தது. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டபோது எண்ணற்ற குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் இழந்தன. அதைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்வந்த ஆண்டுகளில் ரப்பர் குறைந்து செம்பனை பெருகியது. மக்கள் நகரங்களை நாடினர். இன்று காஹாங்கிலிருந்து குளுவாங் போனாலும் மெர்சிங் போனாலும் சாலையோரத்தில் செம்பனை வரிசை வரிசையாக நிற்கிறது.

சங்கத்துக்குக் கணக்கேடு இருந்தது; தோட்டத்துக்குச் சம்பளப் பேரேடு இருந்தது. எத்தனை பேர் எவ்வளவு பால் கொணர்ந்தனர் என்பதைக் கிராணியார் நாள்தோறும் எழுதினார். அந்தத் திடலில் எந்த வாத்தியார் எந்த வீச்சைக் கற்பித்தார் என்பதை எழுத ஒருவரும் இல்லை. தோட்டம் கலைந்தபோது கணக்கேடு அலுவலகத்துக்குப் போனது. கலையோ, கலைந்து சென்ற மனிதர்களின் உடலிலேயே தங்கி, அவர்களோடு முதுமையடைந்தது.

நம் அண்டையில் வாழும் மலாய் மக்களின் சீலாட் கலை 2019இல் யுனெசுகோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கண்ணுக்குப் புலனாகா மரபுகளைக் காக்கும் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை, அம்மரபுகளுக்குப் பதிவுப் பட்டியல் இருக்க வேண்டும் என்கிறது. உலகம் ஒரு கலையை மதிக்க ஆட்டம் மட்டும் போதாது, ஆவணமும் வேண்டும். அந்த ஆவணத்தைப் பேராசிரியர்கள் மட்டுமே எழுத வேண்டும் என்பதில்லை. பத்து வயது மாணவன் ஒருவனின் பயிற்சிக் குறிப்பும் ஆவணமே.

எதை எழுதுவது?

திருக்குறளில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, துணையின் வலிமை ஆகியவற்றைச் சீர்தூக்கிச் செயற்பட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. பயிற்சிக் குறிப்புக்கு இதைவிடச் சிறந்த அமைப்பை நான் அறியேன். என் மாணவர்க்கு நான் கூறுவதும் இதுவே:

1. செயல்: இன்று பயின்றது எது? காலடியா, வீச்சா, தடுப்பா? எத்தனை முறை? ஆசான் அதற்குச் சொன்ன பெயரை அவர் சொன்னபடியே எழுதுக. அப்பெயர் வேறெங்கும் எழுதப்படாமல் இருக்கலாம்.

2. தன் வலி: எங்கே தடுமாறினேன்? எந்தக் கை சோர்ந்தது? அடிபட்டபோது அஞ்சினேனா, சினந்தேனா?

3. மாற்றான் வலி: என்னோடு ஆடியவன் எதில் என்னைவிடச் சிறந்தவன்?

4. துணை வலி: திருத்தியவர் யார்? அவர் யாரிடம் கற்றார்? அந்த ஆசானின் ஊர் எது, தோட்டம் எது?

நாளொன்றுக்கு ஐந்து வரி போதும். ஐந்தாம் ஆண்டு மாணவனால் இயலாத செயலன்று. முதல் மூன்று பகுதிகளும் எழுதுபவனை உயர்த்தும். நேற்றுச் சினந்தவன் இன்று அதைப் படிக்கும்போது சற்றே நாணுவான். அந்த நாணமே பாதிப் பயிற்சி. நான்காம் பகுதி நம் இனத்துக்கு உதவும். ஐம்பது மாணவர் ஓராண்டு எழுதினால், ஜொகூர் மாநிலத்தின் சிலம்பப் பரம்பரை ஒரு பகுதியேனும் தெளிவாகிவிடும்.

இதற்குக் காலம் அதிகமில்லை. தோட்டத் திடலில் கற்ற தலைமுறையினர் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியுள்ளனர். ஆதலால், சிலம்பம் பயிலும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோரே, அடுத்த முறை கம்பு வாங்கும்போது நூறு பக்க ஏடு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். அதன் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயருக்குமுன் ஆசானின் பெயரையும், அவருடைய ஆசானின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அப்பெயரைப் பிள்ளை அறியாவிடில், இன்று மாலையே கேட்டு வரட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் கலைகள்!