ஜோடிக் கொம்பு வார்த்த கைகள்

அடுப்பெரிக்கச் சதுப்பு மண்ணை வெட்டிக் காயவைப்பது டென்மார்க் கிராமங்களில் பழைய வழக்கம். 1797-இல் வடக்குச் சீலந்து வட்டாரத்தில், புரூடெவெல்ட என்னுமிடத்தில் அப்படி மண் வெட்டிய ஒரு விவசாயியின் கையில் ஆறு வெண்கலக் கொம்புகள் சிக்கின. மூன்று ஜோடிகள். 'லூர்' என்று இன்று உலகம் அறிந்த கருவி அதுதான். வயது ஏறக்குறைய 2,800 ஆண்டு.

நான் சுவாமிமலைப் பக்கம் வார்ப்புத் தொழிலில் இருப்பவன். டென்மார்க்கில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய கோயில் ஒன்றுக்கு உற்சவர் சிலைகளோடு போனபோது, கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்தேன். கூட வந்த தம்பி, "அண்ணை, இது லூர்பாக் வெண்ணெயில இருக்கிற படம்" என்றான். உண்மைதான், அந்த வெண்ணெயின் சின்னமே இந்தக் கொம்புதான். ஆனால் என் கண் கொம்பின் வளைவில் நிற்கவில்லை, அதன் சுவரில் நின்றது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் கனம். குழலோ இரண்டு மீட்டர் அளவு நீளம், அதுவும் முறுக்கிக்கொண்டு போகிறது.

இதை வார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்கிறேன். நாங்கள் சாமி சிலைகளைக் கனமாக வார்ப்பவர்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, வறட்டி நெருப்பில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுகிறோம். பொள்ளலாக வார்க்க வேண்டுமானால் உள்ளே ஒரு மண் உருவம் வேண்டும். அதன்மேல் மெழுகு, மெழுகின்மேல் வெளிமண். மெழுகு ஓடியபின் உள்மண்ணைத் தாங்க எதுவும் இருக்காது. அது கடுகளவு நகர்ந்தால் ஒரு பக்கம் தடிக்கும், மறுபக்கம் ஓட்டை விழும். டென்மார்க்கின் வார்ப்பர்கள் உள்மண்ணுக்கும் வெளிமண்ணுக்கும் நடுவே சிறு வெண்கலத் துண்டுகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரே படங்களில் அந்த முட்டுகள் சுவருக்குள்ளேயே தெரிகின்றன. குழலைத் துண்டு துண்டாக வார்த்து, சந்திப்பைச் சுற்றி மறுபடி மெழுகு வைத்து, மண் கட்டி, உருக்கிய வெண்கலம் ஊற்றி இணைத்திருக்கிறார்கள். இணைப்பில் காற்று கசிந்தால் கொம்பு பேசாது. இவை இன்றும் பேசுகின்றன.

இத்தனைக்கும் அந்நாளில் டென்மார்க்கில் செம்பும் வெட்டியெடுக்கவில்லை, வெள்ளீயமும் வெட்டியெடுக்கவில்லை. இரண்டும் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கைமாறிக் கைமாறி வந்தவை. வெளியூர் உலோகத்தை வைத்துக்கொண்டு இப்படியொரு வேலை என்றால், பட்டறையில் எத்தனை தலைமுறைப் பயிற்சி இருந்திருக்க வேண்டும்!

லூருக்கு மூலம் மாட்டுக் கொம்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஜோடியில் ஒன்று இடப்பக்கம் முறுகும், மற்றது வலப்பக்கம் முறுகும், ஒரே காளையின் இரு கொம்புகள் மாதிரி. வட ஜெர்மனியின் விஸ்மார் பக்கம் கிடைத்த பழைய கொம்பில் வெண்கலப் பட்டைகள் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. நடுவிலிருந்த விலங்குக் கொம்பு மட்கிப்போயிற்று. முதலில் கொம்புக்குப் பூண் போட்டார்கள், பிறகு கொம்பையே வெண்கலத்தில் வார்த்தார்கள். ஜோடியின் சுருதியும் ஒன்றாகவே இருக்கும். அளவு பிசகாமல் இரட்டையாக வார்த்தவனுக்கு நல்ல காதும் இருந்திருக்கிறது.

போர்க் கொம்பு என்று பலர் எழுதுகிறார்கள். நான் ஏற்கவில்லை. இவை சதுப்பு நீரில், பெரும்பாலும் ஜோடியாக, காணிக்கை செலுத்தியதுபோலக் கிடைத்தவை. சுவீடனின் பூஹுஸ்லேன் பாறைச் செதுக்கல்களிலும் கொம்பூதிகள் வரிசையாக நிற்கிறார்கள். ஊதுவாய்ப் பக்கம் கிலுகிலுக்கும் சிறு தகடுகளும், மறுமுனையில் வேலைப்பாடு மிக்க வட்டத் தட்டும் விழாவுக்கு உரிய அலங்காரங்கள்.

அயர்லாந்திலும் இதே காலத்து வெண்கலக் கொம்புகள் ஏராளம். டௌரிஸ் புதையல் ஒன்றிலேயே இருபதுக்கு மேல். அவற்றை எப்படி ஊதுவது என்பது மறந்துபோன நிலையில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் கேரளக் கொம்புகளைப் பார்த்து, ஐரோப்பாவில் அறுந்த மரபுக்கு இங்கே உயிருள்ள உறவு இருப்பதாக 2016-இல் எழுதினார். உறவு எவ்வளவு நெருக்கம் என்பதை அறிஞர்கள் பேசட்டும். மூச்சை அடக்கிக் கொம்பூதும் ஆட்கள் நம் பக்கத்துக் கோயில்களில் இன்னும் இருக்கிறார்கள் என்பது பெரிய செல்வம்.

கோபன்ஹேகன் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கொம்புகளின் முன் நின்றால் வட்டத் தட்டை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். குழலின் நடுவே துண்டும் துண்டும் சேரும் இடத்தைத் தேடிப் பாருங்கள். வார்த்தவனின் திறமை முழுவதும் அங்கேதான் இருக்கிறது.