கல்லடைப்பும் கத்தி பிடித்த கையும்

மனிதனை அலறவைக்கும் நோய்களுள் கல்லடைப்பு ஒன்று. நீரிறங்காது துடிப்பவனுக்குக் கஷாயம் பயன்படாதபோது கத்தியே கதி என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

சுசுருத சங்கிதை அம்முறையை விரித்துரைக்கிறது. எண்ணெய் தடவிய இரு விரல்களை ஆசனவாயிற் செலுத்தி, நீர்ப்பையிலுள்ள கல்லைக் கீழே கொணர்ந்து, நடுக்கோட்டிற்கு இடப்புறம் ஒரு வாற்கோதுமையளவு தள்ளிக் கீறி, துணுக்கும் தங்காதவாறு எடுத்தல் வேண்டும். கீறாவிடிற் சாவு நிச்சயம், கீறினாற் பிழைப்பது ஐயம். ஆகவே அரசன் அனுமதி பெற்றே தொடங்குக என்றும் எச்சரிக்கிறது. மாணவன் முதலிற் பூசணி, வெள்ளரிக் காய்களில் அறுத்துப் பழகவேண்டும். ஆற்றுநீரில் ஊறிய பிணத்தின் உள்ளுறுப்புக்களைக் கண்ணாற் காணவும் வேண்டும்.

இத்தகைய கலை தேய்ந்ததேன்? காரணங்கள் பல, அவற்றுள் தீட்டு பெரிது. வைத்தியனிடும் அன்னத்தை மனுதர்ம சாத்திரம் சீழுக்கு ஒப்பிட்டது. ஏடு ஒருவர் கையிலும் கத்தி வேறொருவர் கையிலுமாகப் பிரிந்தன. தமிழ்நாட்டில் நாவிதரை மருத்துவர் என்றும், அவர் மனைவியை மருத்துவச்சி என்றும் அழைத்தனர். கட்டியறுக்கவும் பிள்ளைப்பேறு பார்க்கவும் அக்கைகளையே நாடினர். திண்ணையில் அமர்த்த மட்டும் மறுத்தனர். பட்டம் கொடுத்தவர்கள் பள்ளிக்கூடம் கொடுக்கவில்லை!

மேனாட்டிலும் இக்குற்றம் இருந்தது. ஹிப்போகிராதீஸ் பெயரால் வழங்கும் சபதமே, கல்லறுப்பதை அத்தொழிலாளரிடம் விட்டுவிடுமாறு வைத்தியருக்குக் கூறுகிறது. லண்டனில் 1745 வரை நாவிதரும் ரணவைத்தியரும் ஒரே சங்கத்தினர். ஆயினும் அங்கே படிப்பு கையைத் தேடி வந்தது. உடற்கூறு கற்பித்த செசல்டன் 1727-இல் பக்கவாட்டுக் கீறலை வகுத்தார். அவரிடம் கல்லறுத்துக்கொண்ட 213 பேருள் இறந்தவர் 20 பேரே.

நம் நாட்டில் அத்தீட்டை உடைத்தவர், ஆயுர்வேத பண்டிதராகிய மதுசூதன குப்தர். 1836-இல் கல்கத்தாவில் அவர் பிணத்தின்மேற் கத்தி வைத்தபோது ஏடும் கையும் மீண்டும் கூடின. பின்னர் 1878-இல் அமெரிக்கராகிய பிகலோ, கல்லை நீர்ப்பைக்குள்ளேயே நொறுக்கித் துகளை ஒரே தடவையில் வெளியேற்றும் முறையைக் கண்டார். வட இந்தியாவில் அதைப் பலருக்குச் செய்து தேர்ந்த பீட்டர் பிரேயர், 1901-இல் லண்டனில், நீரை அடைக்கும் பிராஸ்டேட் சுரப்பியை அகற்றும் முறையை வெளியிட்டார். 1980-இல் ஜெர்மனியில் கத்தியின்றியே, வெளியிலிருந்து செலுத்திய அதிர்வலைகளாற் சிறுநீரகக் கல்லை நொறுக்கினர்.

இன்று டத்தோ கிராமாட் கடைக்காரரும் தோட்டத்துத் தொழிலாளியும் கல் கண்டால் ஆஸ்பத்திரிக்கே ஓடுகிறோம். மேசைமேற் கிடக்கையில் கத்தி பிடிப்பவர் என்ன சாதி என்று எவரும் கேட்பதில்லை. வலியில் மறந்த அக்கேள்வி, வலி தீர்ந்து வீடு திரும்பிக் கலியாணம் பேசுகையில் மட்டும் நம் நாவில் ஏறுவதேன்?