ஏட்டின் எடையும் திரையின் எடையும்

பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் இரப்பர் மரம் செழித்திருந்த நாளில், லயத்துக்கு ஒரு நாளேடு வந்தாலே போதும். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், சூழ்ந்திருந்தோர் செவிமடுப்பர். தாளின் எடை படிப்பவரை வருத்தியதில்லை. இன்றோ அச்செழுத்து கைப்பேசித் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனதை எண்ணுவோர்க்கு இம்மாற்றத்தின் விரைவு விளங்கும். திரையில் வரும் பக்கத்துக்கும் எடை உண்டு. அதைச் சுமப்பவரோ படிப்பவரே ஆவர். அவ்வெடை ஏறிய வரலாறு தமிழ் கற்பிப்போர் அறியத்தக்கது.

கணினி எழுத்தைப் பைட் என்னும் அளவால் நிறுக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். இப்பொழுது இணையமெங்கும் வழங்கும் ஒருங்குறி முறையிலோ தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். 'கு' என்பதில் ககரமும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், அது 6 பைட் ஆகும். இதைக் கேட்டுத் தமிழே இணையத்துக்குச் சுமை என்று மலைப்பாரும் உளர். மலைப்பதற்கு ஒன்றுமில்லை. திருக்குறளின் 1330 பாக்களையும் உரையின்றி எழுதி வைத்தால் 250 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். சுமை தமிழால் வந்ததன்று.

தொடக்க காலத்தில் சுமை வேறு வகையில் இருந்தது. 1990-களில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் மலேசியாவில் முரசு அஞ்சல் மென்பொருளை ஆக்கிய முத்து நெடுமாறனும் கணினித் தமிழுக்கு வழிகோலினர். ஆயினும் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. அவ்வெழுத்துருவை முன்கூட்டி இறக்கி வைக்காதவர் கண்டவை புரியாத குறிகளே. இத்தொல்லையைத் தவிர்க்கச் சிலர் தமிழ் வரிகளைப் படமாகவே ஆக்கி இட்டனர். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த காலம் அது. ஒரு பக்கப் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகத் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைப் படமாக்காமல் வெறும் எழுத்தாகவே தட்டச்சிட்டு வழங்கியது. அது செய்த நற்றொண்டுகளுள் இதுவும் ஒன்று. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. பின்னைய ஆண்டுகளில் ஒருங்குறி பரவவே, எழுத்துருத் தொல்லை ஒழிந்தது.

எழுத்து இலகுவாயிற்று, பக்கமோ கனத்தது. உலக இணையப் பக்கங்களை நிறுத்துப் பார்க்கும் ஆவணக் கணக்கின்படி, நடுத்தரப் பக்கம் ஒன்று 2010-இன் இறுதியில் ஏறத்தாழ 470 கிலோபைட். 2022-இல் ஏறத்தாழ 2,300 கிலோபைட். ஒன்பது திருக்குறளின் எடை! செய்தி ஒன்றின் சொற்கள் 20 கிலோபைட்டைத் தாண்டுவது அரிது. மீதமெல்லாம் என்ன? பெரிய படங்கள், தானே ஓடும் காணொளிகள், விளம்பரங்கள், படிப்பவர் எங்கே சென்றார் எனத் தொடர்ந்து நோக்கும் நிரல்கள். மாப்பிள்ளை ஒருவர்தாம், உடன் வந்த கூட்டம் ஊரளவு.

இக்கூட்டம் வந்து சேர்வதோடு நில்லாது. 1995-இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரல்களைக் கைப்பேசியே படித்து இயக்கியாக வேண்டும். விலையுயர்ந்த கருவி நொடியில் முடிப்பதை, மலிவான கருவி பன்மடங்கு நேரம் எடுத்துச் செய்யும். ஆகவே ஈப்போ நகரில் அதிவேக இணைப்பு உடைய வீட்டிலும் பழைய கைப்பேசி திணறுகிறது.

தோட்டப்புறத்தின் நிலை இன்னும் வேறு. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் சில தோட்டங்களைத் தொழிலாளர்க்கே உரிமையாக்கினார். எனினும் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பலர் நகரோரங்களுக்குப் பெயர்ந்தனர். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சு நாடளாவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவரிடம் கருவி எதுவும் இல்லை என்பதும், கருவி உடையோருள் பெரும்பாலோரிடம் இருந்தது கைப்பேசியே என்பதும் அதில் தெரிந்தன. 2021-இன் இறுதியில் மூன்றாம் தலைமுறைச் சேவை நாடெங்கும் நிறுத்தப்பட்டது. நான்காம் தலைமுறைக் கைப்பேசி வாங்காத முதியவர்க்கு எஞ்சியது மிக மெதுவான இரண்டாம் தலைமுறையே. அதில் 2,300 கிலோபைட் பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும்.

மக்கள் வாளா இருக்கவில்லை. 2006-இல் உலகெங்கும் வந்த ஓப்பரா மினி, பக்கத்தைத் தன் கணினியில் சுருக்கிப் பின் கைப்பேசிக்கு அனுப்பியது. விளம்பரத் தடுப்பான்கள் பெருகின. 2010-இல் ஆப்பிளின் சஃபாரி உலாவி, கட்டுரையை மட்டும் காட்டும் வாசிப்பு முறையைச் சேர்த்தது. கூகுளின் குரோம் உலாவி கைப்பேசியில் தந்த சுருக்க வசதியோ 2022-இல் நீக்கப்பட்டது. தரவுக் கட்டணம் குறைந்துவிட்டது என்பது காரணங்களுள் ஒன்று. கட்டணம் குறைந்தது உண்மையே, முன்கட்டண அட்டையில் வாழ்வோர்க்கு அது எவ்வளவு குறைந்தது என்பது வேறு கேள்வி.

எல்லாவற்றினும் எளிய வழியை மக்களே கண்டனர். ஒருவர் தளத்தைத் திறந்து, கட்டுரையின் சொற்களை மட்டும் எடுத்து, வாட்ஸ்அப்பில், அதாவது ஆசிரியர் பலர் புலனம் என வழங்கும் செயலியில், குழுவுக்கு அனுப்பிவிடுகிறார். லயத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட வழக்கமே மறுபிறவி எடுத்தது எனலாம். ஆனால் இவ்வழியில் இழப்பும் உண்டு. எழுதியவர் பெயர் முதலில் உதிர்கிறது, நாள் உதிர்கிறது, ஏடு பிழை திருத்தினால் அத்திருத்தம் குழுவைச் சென்றடைவதில்லை. வகுப்பறைக்கு எடுத்துச் செல்லும் ஆசிரியரிடம் இருப்பது தாயறியாப் பனுவல். தளத்துக்கோ வருவோர் குறைய, ஈடுகட்ட விளம்பரம் மேலும் ஏறுகிறது. பழியைப் படிப்பவர்மேல் சுமத்துதல் நேர்மையன்று.

2017-இல் அமெரிக்காவில் இர்மா சூறாவளி வீசியபோது, இணைப்புத் தளர்ந்த மக்களுக்காகச் சி.என்.என்., என்.பி.ஆர். நிறுவனங்கள் படமும் விளம்பரமும் இல்லாத வெறும் எழுத்துப் பக்கங்களை வழங்கின. அத்தகைய பக்கத்தில் இவ்வளவு நீளமுள்ள தமிழ்க் கட்டுரை ஏறத்தாழ 20 கிலோபைட்டில் அமையும். இரண்டாம் தலைமுறை இணைப்பிலும் சில நொடிகளில் வந்து சேரும்.